அணிக்கு ஒரே பிராண்டு ஷூ: பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகிகளுக்கும் விளையாட்டுப் பொறுப்பாளர்களுக்கும்,

பள்ளி அணியில் இடம் வேண்டுமென்றால் குறிப்பிட்ட ஒரு வெளிநாட்டு பிராண்டின் ஷூதான் போட வேண்டும், அதையும் பள்ளி சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று சில தனியார் பள்ளிகள் இந்தக் கல்வியாண்டில் பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பியுள்ளன. கூடைப்பந்து, கால்பந்து, வாலிபால், தடகளம் என்று எல்லா அணிக்கும் ஒரே மாடல். அந்த ஷூ இல்லாத பிள்ளைக்குக் குறுவட்டப் போட்டி அணித் தேர்வில் இடமில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களுமான எங்களால் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஷூ முக்கியமில்லை என்று நாங்கள் சொல்லவே இல்லை. தவறான ஷூவால் கணுக்கால் பிசகுகிறது, கால் நகம் கருக்கிறது, குதிகால் வலி மாதக்கணக்கில் விடாமல் இருக்கிறது. ஆனால் இந்தத் தொல்லைகள் எதுவும் ஷூவின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத்தால் வருவதுமில்லை, தீர்வதுமில்லை. எந்த விளையாட்டுக்கான ஷூ, எந்தத் தரையில் போடுவது, காலுக்குச் சரியாக அமைந்திருக்கிறதா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற நாலு கேள்விக்கும் உங்கள் சுற்றறிக்கையில் பதில் இல்லை. பிராண்டின் பெயரும் கடையின் பெயரும் மட்டுமே இருக்கின்றன.

எல்லா அணிக்கும் ஒரே மாடல் என்பதுதான் இதில் ஆபத்தானது. நீங்கள் குறிப்பிட்டிருப்பது ஓட்டப் பயிற்சிக்கான ஷூ. அதன் குதிகாலுக்கு அடியில் 30 மில்லிமீட்டருக்கு மேல் மென்மையான ஃபோம் இருக்கும். குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். நேர்கோட்டில் ஓடும்போது தரையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதே ஷூவோடு கூடைப்பந்துக் களத்தில் ஒரு பிள்ளை சட்டென்று பக்கவாட்டில் காலை ஊன்றித் திரும்பினால், வெளிப்புற ஃபோம் அமுங்கி, உயரத்தில் இருக்கும் பாதம் வெளிப்பக்கமாகச் சரியும். கணுக்கால் உள்நோக்கி மடங்கும். சுளுக்கு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மேல்பாகம் மெல்லிய வலைத்துணி என்பதால் பாதத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கவும் அதற்கு வலுவில்லை. கொஞ்ச நாளில் சுண்டுவிரல் பக்கம் துணி கிழிந்து விரல் வெளியே தெரியும். கூடைப்பந்து ஷூவுக்கு அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும், மீன்முள் போன்ற வரிகள் வேண்டும், பக்கவாட்டில் கெட்டியான தாங்கல் வேண்டும்.

பேட்மின்டனும் உள்ளரங்க வாலிபாலும் ஆடும் பிள்ளைகளுக்குத் தேவை தரையில் கறை விழாத ரப்பர் அடிப்பாகம் கொண்ட, தரையோடு ஒட்டிய ஷூ. பேட்மின்டனில் ஒரு காலை நீட்டி ஊன்றி எட்டும் அசைவு ஓயாமல் வரும். ஊன்றும் காலின் குதிகால் வெளிவிளிம்பும் பின்னால் இழுபடும் காலின் பெருவிரல் உட்பக்கமும்தான் முதலில் தேயும். அந்த இரண்டு இடத்திலும் ரப்பர் சுற்றி மேலேறியிருந்தால் ஷூ உழைக்கும். ஓட்ட ஷூவில் அங்கே வெறும் ஃபோம்தான் இருக்கும். வாலிபாலில் குதித்து இறங்கும் அடி பெரும்பாலும் முன்பாதத்தில் விழுவதால் மெத்தை அங்கே வேண்டும்.

கால்பந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே பிராண்டு ஷூ வாங்கிய வீட்டிலும் தவறு நடக்கிறது. கடையில் கண்ணைப் பறிக்கும்படி அடுக்கியிருப்பவை பெரும்பாலும் புல்தரைக்கான ஸ்டட் ஷூக்கள். நீண்ட, கெட்டியான ஸ்டட்டுகள், அதாவது அடிப்பாகத்துக் குமிழ்கள், ஒரு டஜன் போல இருக்கும், ஈரமான மெத்தென்ற மண்ணில் புதைந்து பிடிமானம் தருவதற்காக. நம் பள்ளி மைதானங்களோ வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண். அந்தத் தரையில் ஸ்டட் புதையாது. பிள்ளையின் முழு எடையும் சில முனைகள் வழியாகப் பாதத்தில் குத்தும். குறிப்பாக 8 முதல் 14 வயது வரை, குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகாத பருவத்தில், இது குதிகால் வலியைக் கிளப்பும். பயிற்சி முடிந்ததும் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நொண்டி நடக்கும் பிள்ளையைப் பார்த்தால் முதலில் அவன் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். இறுகிய மண்ணுக்கும் செயற்கைப் புல்லுக்கும் ஏற்றது டர்ஃப் ஷூ. அதன் அடிப்பாகம் முழுவதும் சின்னச் சின்ன ரப்பர் மொட்டுகள் நிறைந்திருக்கும். ஜலந்தர் நிவியா முதலான இந்திய நிறுவனங்கள் இதைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்கின்றன. நம் மைதானத்துக்கு, பெரிய பெயர் கொண்ட புல்தரை ஸ்டட்டைவிட இந்த டர்ஃப் ஷூதான் நல்லது.

கபடியை உங்கள் சுற்றறிக்கை மறந்தே விட்டது. மண்ணில் ஆடினால் வெறுங்கால் போதும். மேட் எனப்படும் விரிப்பின் மேல் ஆடுபவர்களுக்கு மெல்லிய அடிப்பாகமும் நல்ல பிடிமானமும் உள்ள லேசான ஷூ வேண்டும். ஓட்ட ஷூவோடு அந்த விரிப்பில் இறங்கும் ரைடருக்குக் காலடி உணர்வே இருக்காது.

அடுத்து தடகளம். குறுந்தூர ஓட்டத்துக்கு அடியில் முள் பொருத்திய ஸ்பைக்ஸ் ஷூ வேண்டும், பயிற்சி ஷூ அதற்கு ஈடாகாது. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி, 2024 நவம்பர் 1 முதல் ஓடுதளப் போட்டிகளில் அடிப்பாகத்தின் தடிமன் 20 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சாலை ஓட்டத்துக்கு 40 வரை அனுமதி. நீங்கள் எல்லாருக்கும் விதித்திருக்கும் தடித்த ஷூ, அந்த விதி நடப்பிலுள்ள சர்வதேச ஓடுதளத்தில் ஏறவே முடியாது. ஸ்பைக்ஸிலும் கவனிக்க வேண்டியது முள்ளைத்தான். செயற்கை ஓடுதளத்தில் முள்ளின் நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12 வரை போகலாம். ஒரு ஷூவில் 11 முள்ளுக்கு மேல் கூடாது. பல மைதானங்களில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் முள்தான் அனுமதிக்கிறார்கள். அதே 6 மில்லிமீட்டர் முள் பள்ளி மண் தடத்தில் பிடிக்காமல் வழுக்கும். அங்கே 9 அல்லது 12 தேவை. எனவே இரண்டு வகை முள்ளும் ஒரு திருகுசாவியும் பிள்ளையின் பையில் இருக்க வேண்டும். முள்ளைத் திருகுவதற்கு முன் மரையில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். வியர்வையிலும் மழையிலும் துருவேறி இறுகிவிட்ட முள்ளைக் குறட்டால் திருகினால் தலை மொண்ணையாகும், அதோடு அந்த ஷூ வீண். புதிதாக ஸ்பைக்ஸ் போடும் பிள்ளையை முதல் சில வாரம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், சில ஓட்டங்களுக்கு மட்டும் போட வையுங்கள். குதிகால் உயரமே இல்லாத ஷூ என்பதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் பழகுவதற்கு நாள் எடுக்கும். இந்த விவரம் எதுவும் பிராண்டைப் பார்த்து மாறுவதில்லை.

அளவு விஷயத்துக்கு வருவோம். பள்ளி சொல்லும் ஒரே கடையில் ஒரே மாடலை எல்லாருக்கும் போடுவது என்றால், எல்லாப் பிள்ளையின் பாதமும் ஒரே அச்சில் வார்த்தது என்று வைத்துக்கொள்வதாகும். ஒவ்வொரு நிறுவனமும் ஷூ தைக்க வைத்திருக்கும் அச்சு வேறு. ஒன்றில் விரல் பகுதி குறுகல், இன்னொன்றில் அகலம், வேறொன்றில் மேல்பாதம் தாழ்வு. நம் பிள்ளைகளில் பலர் சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்த அகலமான பாதம் அவர்களுக்குச் சாதாரணம். குறுகலான அச்சில் அந்தப் பாதத்தைத் திணித்தால் சுண்டுவிரலில் கொப்புளம் வரும். அதைத் தவிர்க்க ஒரு சைஸ் பெரியதாக வாங்கினால், இங்கிலாந்து அளவில் ஒரு சைஸுக்கு நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடும். குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கும், கால் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் இடிபட்டுக் கருக்கும்.

அளவெடுப்பது கடினமான வேலை அல்ல. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், விளையாட்டுக்குப் போடும் அதே சாக்ஸோடு, பிள்ளையை ஒரு தாளின் மேல் நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளந்தால் பாதம் பரவாது, அளவு குறையும். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு, சென்டிமீட்டரில் அளந்து கொள்ளுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். இரண்டு பாதத்தையும் அளந்து, பெரியதற்கு ஏற்ப வாங்க வேண்டும். ஷூவைப் போட்டு நிற்கும்போது விரல் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே 10 முதல் 12 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் நகத்தின் அகலம், இடம் இருந்தால் சரி. ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றி அதன் மேல் பிள்ளையை நிற்க வைத்தும் பார்க்கலாம். பாதம் இருபுறமும் வெளியே வழிந்தால் அந்த அச்சு அந்தக் காலுக்கு ஆகாது, எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும். வளரும் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஷூவின் விலை ஏற ஏற, கால் வளர்ந்த பிறகும் பெற்றோர் அதையே போடச் சொல்வார்கள். விலையுயர்ந்த ஷூவை நீங்கள் கட்டாயமாக்குவதால் வரும் இன்னொரு தீங்கு இது.

காலுக்குச் சரியாக அமைவதுதான் முதல் தேவை என்பதற்கு விளையாட்டு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா, தனக்குக் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையாததால் வெறுங்காலோடு மாரத்தான் ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16.2 நொடியில் தங்கம் வென்றார். அது அன்றைய உலகின் சிறந்த நேரம். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் காலுக்கு அமைந்த ஷூவோடு ஓடி 2 மணி 12 நிமிடம் 11.2 நொடியில் மீண்டும் தங்கம். நம் நாட்டில் ஸ்வப்னா பர்மன் இரண்டு காலிலும் ஆறு விரல்களோடு, சாதாரண ஷூவின் வலியைத் தாங்கிக்கொண்டு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்றார். அவர் காலுக்கென்று தனியாக ஷூ செய்யப்பட்டது அதற்குப் பிறகுதான். உங்கள் விதிப்படி பார்த்தால் இந்த இருவரும் பள்ளி அணித் தேர்வுக்கே வந்திருக்க முடியாது.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கையில் நீங்கள் இந்த முடிவை எடுத்திருக்கலாம். ஸ்காட்லாந்தின் டண்டியில் மூன்று நிறுவனங்களின் ஓட்ட ஷூக்களை, ஒவ்வொன்றிலும் மூன்று விலைப் பிரிவில் எடுத்து, பாதத்தின் மேல் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். 2008இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்த அந்த ஆய்வில், குறைந்த விலை, நடுத்தர விலை ஷூக்கள் விலையுயர்ந்தவற்றுக்குச் சற்றும் குறையாமல் அதிர்ச்சியைத் தாங்கின. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் படைகளில் பயிற்சி பெறும் புதிய வீரர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ வகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோதும், எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்தபோதும், காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பெரிய பெயரும் கைவிடும். 2019 பிப்ரவரி 20 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டியூக் அணியின் சயான் வில்லியம்சன் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள், போட்டிருந்த நைக்கி ஷூ பக்கவாட்டில் பிளந்து விழுந்தார், முழங்கால் சுளுக்கிக்கொண்டது.

ஷூவால் நேரம் குறையும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. உயர்மட்ட மாரத்தானில், கார்பன் தகடும் துள்ளும் ஃபோமும் சேர்ந்த ஷூக்கள் ஓடுவதற்கான ஆற்றல் செலவைச் சில விழுக்காடு குறைக்கின்றன. அங்கும் அது தொழில்நுட்பத்தின் வேலை. எந்த ஒரு பெயருக்கும் தனியுரிமை இல்லை. 2023 செப்டம்பரில் பெர்லினில் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53 என்ற அன்றைய பெண்கள் உலக சாதனையை அடிடாஸ் ஷூவில் ஓடினார். இரண்டே வாரத்தில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 என்ற அன்றைய ஆண்கள் உலக சாதனையை நைக்கியில் ஓடினார். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் 200 மீட்டர் ஓட்டத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் தொடர்பில்லை.

ஒரே பிராண்டுக்குள்ளேயே தரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் பாருங்கள். பெரிய பெயர்களின் ஆரம்ப விலை மாடல்கள் பெரும்பாலும் நடப்பதற்கும் ஊர் சுற்றுவதற்கும் ஆனவை. அவர்களின் உண்மையான களத்து ஷூ அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை. எனவே பெற்றோர் கடன் வாங்கிக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது பெரிய சின்னம் ஒட்டிய சாதாரண ஷூ. அதே பணத்தில் கோஸ்கோவிலோ யோனெக்ஸிலோ அந்தந்த விளையாட்டுக்கென்றே செய்த ஷூ கிடைத்திருக்கும், சாக்ஸுக்கும் மிச்சம் இருந்திருக்கும். பெரிய பிராண்டுகள் பொதுவாகச் சொந்தத் தொழிற்சாலை நடத்துவதும் இல்லை. ஒப்பந்த நிறுவனங்கள்தாம் தைத்துக் கொடுக்கின்றன, நம் செய்யாறு சிப்காட் உட்பட.

உங்கள் உத்தரவின் மோசமான விளைவு போலி ஷூ. அசல் வாங்க முடியாத பெற்றோர் என்ன செய்வார்கள்? சாலையோரத்திலும் இன்ஸ்டாகிராமிலும் 'ஃபர்ஸ்ட் காப்பி' தேடுகிறார்கள். சின்னம் அச்சு அசலாக இருக்கும். ஃபோமுக்குப் பதில் கெட்டியான பிவிசி இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினாலும் அமுங்காது. ஷூவின் இரு முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். நல்ல ஷூ விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கும், போலி நடுப்பாதத்தில் மடங்கும் அல்லது மடங்கவே செய்யாது. குதிகாலைப் பிடிக்கும் பின்பகுதியை இரு விரலால் நசுக்கினால் காகிதம் போல உள்ளே போகும். பசை வெயிலில் இளகி, ஆட்டத்தின் நடுவே அடிப்பாகம் வாய் பிளக்கும். ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற சாதாரண இந்திய ஷூவைப் போட்டு வந்த பிள்ளையை, உங்கள் சுற்றறிக்கை இந்தப் போலிக்குள் தள்ளியிருக்கிறது. விளையாட்டு ஷூவுக்கென்று ஐஎஸ் 15844 என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. தரம் வேண்டுமென்றால் கேட்க வேண்டியது அதைத்தான்.

பராமரிப்பைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. ஓட்ட ஷூவின் நடு ஃபோம் சுமார் 500 முதல் 800 கிலோமீட்டரில் செத்துவிடும். அடிரப்பர் நன்றாக இருப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. ஃபோமின் பக்கவாட்டில் அழியாத குறுக்குச் சுருக்கங்கள் விழுந்திருந்தாலோ, மேசை மேல் வைக்கும்போது ஷூ ஒரு பக்கம் சாய்ந்தாலோ மாற்ற வேண்டிய நேரம். துவைக்கும் இயந்திரத்திலும் கொளுத்தும் வெயிலிலும் போட்டால் பசை விடும். இன்சோலைக் கழற்றி, உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில் காய வைக்க வேண்டும். லேஸ் கட்டுவதும் முக்கியம். குதிகால் வழுக்கினால், மேலே தனியாக இருக்கும் கடைசித் துளையில் லேஸை அதே பக்கத்தில் வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்தில் நுழைத்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். காசு செலவில்லாமல் கொப்புளங்கள் குறையும்.

சட்டப் பக்கமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரை வற்புறுத்தக்கூடாது என 2017 ஏப்ரலிலேயே சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எந்தப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தாலும் அந்த நியாயம் மாறாது.

எனவே நாங்கள் கேட்பவை இவை. அணித் தேர்வுக்குக் குறிப்பிட்ட பிராண்டை நிபந்தனையாக்கும் சுற்றறிக்கையை, குறுவட்டப் போட்டிக்கான தேர்வு நடப்பதற்கு முன் எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு, விளையாட்டுக்கோ அளவுக்கோ பொருந்தாமல் திண்டாடும் பெற்றோருக்கு, அந்தக் கடையில் மாற்றிக்கொள்ளவோ பணத்தைத் திரும்பப் பெறவோ ஏற்பாடு செய்யுங்கள். கடையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், ஆகவே பொறுப்பும் உங்களுடையது.

அதன் இடத்தில், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஷூவின் வகை, அடிப்பாகம், தரை ஆகியவற்றை மட்டும் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் பெற்றோருக்குக் கொடுங்கள். அதை உங்கள் பி.இ.டி. ஆசிரியரே எழுதித் தருவார், கேட்டால் போதும். அணி ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்றால் ஜெர்சியும் சாக்ஸும் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

பருவத்துக்கு ஒருமுறை ஒரு மாலை, அணிப் பிள்ளைகளின் பாதத்தை அளந்து, ஷூவின் தேய்மானத்தைப் பார்த்து, பெற்றோருக்குச் சீட்டு அனுப்ப உடற்கல்வி ஆசிரியருக்கு நேரம் ஒதுக்குங்கள். ஸ்பைக்ஸை ஒவ்வொரு வீடும் வாங்கத் தேவையில்லை. விளையாட்டுக் கட்டணத்திலிருந்து 5 முதல் 10 வரையிலான சைஸ்களில் சில ஜோடிகளை முள்ளோடும் திருகுசாவியோடும் பள்ளியே வாங்கி, போட்டிக்கும் பயிற்சிக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். கால் வளர்ந்து ஷூ போதாமல் போன மாணவர்கள் விட்டுச் செல்லும் நல்ல ஷூக்களையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். நடு ஃபோம் செத்ததை மட்டும் கழித்துவிட வேண்டும்.

ஷூ வாங்கவே முடியாத பிள்ளை தேர்வுக்கு வந்தால், அவனையோ அவளையோ முதலில் ஓடவிட்டுப் பாருங்கள். தேர்வானால் ஷூவைப் பள்ளி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பள்ளி மைதானங்களில் பணியாற்றும் உடற்கல்வி ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள்